வூர்ட்ஸ்பூர்க்கில் மூன்று தலைகள்

எங்கள் வீட்டில் மாமாவுக்காகப் பூசை கொடுப்பதில்லை. கொடுத்தால் அவர் செத்துப்போனதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அம்மா நினைத்தார். மாமா அம்மாவின் தம்பி. மன்னாரில், நான் பிறப்பதற்கு முன்பே, மீன் வாங்கப் போனவரைச் இராணுவச் சோதனைச் சாவடியில் இறக்கி முகாமுக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். அவருடைய சைக்கிளை மட்டும் யாரோ வீட்டு வாசலில் சாத்திவிட்டுப் போனார்கள். ஜெர்மனியில், ஹம் நகரில் எங்கள் வீட்டுச் சுவரில் இறந்தவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கின. மாமாவின் படம் அவற்றோடு சேராமல் தொலைக்காட்சிக்கு மேலே இருந்தது.

எனக்கு ஒன்பது வயதான கோடையில் ஊரிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. சமாதானம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். பழைய முகாம் இருந்த காணியில் கிணறு வெட்டும்போது எலும்புகளும் ஒரு தலையும் கிடைத்தனவாம். சொந்தக்காரர் யாராவது தங்கள் ஆள்தான் என்று சொன்னால் முறைப்படி அடக்கம் செய்யலாம் என்று பங்குச் சுவாமியார் கேட்டிருந்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அம்மா மூன்று நாளாகச் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழும்பியதையும், சனிக்கிழமை நாங்கள் சின்னம்மா வீட்டுக்குப் போனதையும் மட்டுமே அப்போது அறிவேன்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. வூர்ட்ஸ்பூர்க்கில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தார். எங்கள் பையை இறக்கி வைக்குமுன்பே தொடங்கிவிட்டார்.

"அக்கா, ஓமெண்டு சொல்லுங்கோ. அண்ணையை அடக்கம் பண்ணிப்போட்டு நாங்களும் அழுது முடிப்பம்."

"எலும்பைக் காட்டினா நான் எப்பிடித் தம்பியெண்டு சொல்லுறது? அது வேற ஆற்றையேன் பிள்ளையெண்டா?"

"அண்ணை இல்லையெண்டு உங்களுக்கும் தெரியும்தானே."

அம்மா காலையில் பின்னிவிட்ட என் தலையை அவிழ்த்து மறுபடி பின்னத் தொடங்கினார். மிகவும் இறுக்கிப் பின்னினார்.

மறுநாள் அந்த ஊரின் பாதுகாவலரான புனித கிலியானின் திருவிழா. கோவிலுக்குப் போகும் வழியில் சின்னம்மா எனக்கு அவர் கதையைச் சொன்னார். முதியோர் இல்லத்துக் கிழவிகள் சொல்லிக் கேட்ட கதை. கிலியான் அயர்லாந்திலிருந்து இரண்டு துணைவர்களோடு வந்த ஆயர். அந்த ஊர்ப் பிரபுவை மனந்திருப்பி, அவன் தன் சகோதரனின் மனைவியை மணந்தது பிழை என்று சொன்னார். பிரபு ஊரில் இல்லாத ஒரு நாளில் அவள் மூவரையும் வெட்டுவித்தாள். அங்கேயே புதைத்து, மேலே குதிரை லாயம் கட்டினாள். எனக்குக் கதையில் குதிரைகள் பிடித்துப்போயின. என்ன நிறமென்று கேட்டேன். பின்னால் வந்துகொண்டிருந்த அம்மா வேறொன்றைக் கேட்டார்.

"பிறகு அவையை எடுத்தவையோ?"

"அறுபது வருசத்துக்குப் பிறகு ஒரு ஆயர் தோண்டி எடுத்தவராம்."

"அறுபது வருசம்," என்றார் அம்மா.

பேராலயத்துக்குள், அந்த மூவரின் தலைகளைப் பார்க்க நீண்ட வரிசை. சின்னம்மா மெழுகுதிரி கொளுத்தப் போய்விட, நானும் அம்மாவும் நின்றோம். எங்கள் முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் மூன்று மண்டையோடுகள் இருந்தன. நான் பயப்படத் தயாராக வந்திருந்தேன். அவையோ நான் நினைத்ததைவிடச் சிறியவை. முன்னால் நின்ற கிழவி முத்தமிட்ட விரலைக் கண்ணாடியில் வைத்துவிட்டுப் போனாள். அம்மா சிலுவை போடவில்லை. குனிந்து, ஒன்றன்பின் ஒன்றாக மூன்றையும் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற வயதான கோவில் பணியாளரைக் காட்டி என்னிடம் சொன்னார்.

"கேள் பிள்ளை. இதுதான் அவரெண்டு எப்பிடித் தெரியும்? ஆற்றை தலை எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சவை?"

வைத்தியரிடமும் அலுவலகங்களிலும் அம்மாவின் வாய் நான்தான். என் ஆசிரியை என்னைப் பற்றிச் சொல்வதைக்கூட நானே அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். அதனால் நான் எப்போதும் நல்ல மாணவியாக இருந்தேன். ஆனால் அன்று பின்னால் ஆட்கள் பொறுமையிழந்து நின்றார்கள். அம்மாவின் குரல் உயர்ந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவசரமாகக் கேட்டேன்.

அந்த மனிதர் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துப் பதில் சொன்னார். நிறுத்தி நிறுத்தி, தெளிவாக. நிச்சயமாக அறிய முடியாது, அம்மையாரே. அதை நாங்கள் நம்புகிறோம். நம்புவதைக் குறிக்கும் 'கிளௌபன்' என்ற ஜெர்மன் சொல்லை இரண்டு தரம் சொன்னார்.

"என்னவாம்?"

முடியாது என்று சொன்னால் அம்மா இன்னொரு கேள்வி கேட்பார், நாங்கள் அங்கேயே நிற்க வேண்டும்.

"தெரியுமாம்," என்றேன்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "வடிவாத் தெரியுமாமோ?"

"ஓம் அம்மா. வடிவாத் தெரியுமாம்."

வெளியே வந்ததும் நான் கேளாமலே ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். மத்தியானம் சின்னம்மாவின் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று மன்னாருக்குத் தொலைபேசி எடுத்தார். "அது என்ர தம்பிதான், ஃபாதர். அடக்கம் பண்ணுங்கோ." ரிசீவரை வைத்த பிறகு அவரிடமிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சின்னம்மா கதவைச் சாத்தி என்னை வெளியே நிறுத்தினார்.

சில கிழமைகளில் அடக்கத்தின் படங்கள் வந்தன. குழந்தைகளுக்குச் செய்வது போன்ற சிறிய பெட்டி. அதைத் தூக்கியவர்களில் ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது. அம்மா ஒரு வருடம் கறுப்பு உடுத்தினார். மாமாவின் படம் சுவருக்குப் போனது. பதின்மூன்று, பதினான்கு வயதில் எனக்கு எல்லாம் விளங்கத் தொடங்கியபோது, மாமாவைக் கொன்றது நான்தான் என்று நம்பினேன். அவர் எங்காவது சிறையில் இருந்து வந்துவிட்டால் என்ன செய்வதென்று பயந்தேன். அம்மாவிடம் சொல்லத் துணிவு வரவில்லை. மாமா வரவுமில்லை.

பதினேழு வயதில் ஒரு ஞாயிறு, ஜெர்மன் பூசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். விசுவாசப் பிரமாணம் தொடங்கியது. 'இஷ் கிளௌப', நான் நம்புகிறேன் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அம்மா புத்தகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஞாயிறுதோறும் சொல்லிவரும் சொல். எந்த ஜெர்மன் சொல் தெரியாவிட்டாலும் அம்மாவுக்கு அது தெரியும்.

வூர்ட்ஸ்பூர்க்கில் அந்தப் பணியாளர் அதே சொல்லால் சொன்னது அவருக்கு அன்றே விளங்கியிருக்கிறது. விளங்கிக்கொண்டுதான் என்னிடம் இரண்டாம் தரம் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை ஓமென்று சொல்லும்வரை அந்தக் கண்ணாடிக்கு முன்னால் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.