'மாத்து' என்றதும் வந்தவள்

பட்டப்பகலில் பேய் வருமா என்று நக்கலடிப்பவர்கள் இதோடு எழுந்து போகலாம். இது என் அக்காவுக்கு நடந்தது. பக்கத்துக் கட்டிலில் பிணம் கிடந்தாலும் அசராமல் டிபன் டப்பாவைத் திறக்கிற நர்ஸ் அவள். கதை கட்டிவிட அவளுக்கு நேரமும் கிடையாது, பொறுமையும் கிடையாது.

அவள் வார்டில் ஒரு சின்ன நர்ஸ் இருந்தாள். எல்லோருக்கும் அவள் 'வாண்டு'. ஒரு நோயாளி இறந்த ஆத்திரத்தில் சொந்தக்காரர்கள் அவளைப் பிடித்துத் தள்ள, கட்டில் கம்பியில் தலை மோதி விழுந்தாள். பேச்சு மூச்சில்லை. அக்காதான் தரையில் மண்டியிட்டு அவள் நெஞ்சை அமுக்கினாள். கடைசியில் டாக்டர், "போதும், விட்டுடுங்க" என்றார். அக்கா கையை எடுத்தாள். எடுக்கும்போது உள்ளே ஏதோ துடித்ததோ? அந்தச் சந்தேகம் அவளை அரித்துத் தின்றது.

அடுத்த மாதம், அதே வார்டு. மத்தியானம் இரண்டு பத்து. ஒரு பெரியவருக்கு இதயம் நின்றுவிட்டது. மற்றவர்கள் மாடியில் வேறொரு அவசரத்துக்கு ஓடியிருந்தார்கள். அக்கா அவசர மணியை அடித்துவிட்டு அமுக்க ஆரம்பித்தாள்.

ஒருவர் அமுக்கும்போது அடுத்தவர் பின்னால் தயாராக நிற்பார். கை ஓய்ந்தால் "மாத்து" என்றால் போதும். அமுக்குகிறவர் திரும்பிப் பார்க்காமலே நகர்ந்துவிடுவார், அடுத்தவர் தொடர்வார். அப்படியே பழகிய உடம்பு.

அக்காவுக்குக் கை கடுத்தது. பின்னால் ரப்பர் செருப்புச் சத்தம். சரக்... சரக்... நின்றது. அப்பாடா, ஆள் வந்தாச்சு.

"மாத்து!"

நகர்ந்தாள். கண்ணில் இறங்கிய வியர்வையைத் துடைத்தாள். தப்... தப்... தப்... சரியான வேகம்.

நிமிர்ந்தாள்.

கட்டிலருகே யாருமில்லை.

பெரியவரின் வெற்று நெஞ்சில் ஒரு சின்ன உள்ளங்கை அளவுக்குப் பள்ளம். விழுந்தது... எழுந்தது... விழுந்தது...

மளுக்.

விலா எலும்பு.

"வாண்டு... விடுடி!"

வேகம் கூடியது...

டாக்டர் ஓடிவந்தபோது எல்லாம் நின்றிருந்தது. மானிட்டரில் துடிப்பு ஓடியது. "தனியாளா காப்பாத்திட்டீங்களே!" என்று ஆளாளுக்குக் கொண்டாடினார்கள். அக்காவுக்குப் பல் கிட்டிப்போயிருந்தது.

சில நாள் கழித்துப் பெரியவருக்குப் பேச்சு வந்தது. அக்காவைக் கிட்டே கூப்பிட்டார்.

"உங்களுக்கு அப்புறம் ஒரு சின்ன சிஸ்டர் அமுக்கினாங்களேம்மா... என் காதுக்குள்ளயே பேசிட்டிருந்தாங்க."

"என்ன... சொன்னா?"

"'எனக்கும் துடிச்சுது, அக்கா கையை எடுத்துட்டாங்க. அவங்க நெஞ்சு நிக்கற அன்னிக்கு நான்தான் வருவேன். கையை மட்டும் வைப்பேன். அமுக்க மாட்டேன்'னு."