இடுப்பில் மாட்டிய கொக்கி

1. "விழுங்க, அங்கிள்"

புது வேலையில் எனக்குச் சொல்லப்பட்ட முதல் காரியம் தண்ணீரில் விழுவது.

பிஸ்மில்லாஹ் சொல்லி, இஸ்திரி போட்ட சட்டையோடு பூன் லேயிலிருந்து ரயில், பஸ் என்று மாறி, சிங்கப்பூர்த் தீவின் மறுகோடியில் இருக்கும் கயாக் கொட்டகை வாசலில் காலை எட்டு மணிக்கே போய் நின்றேன். கயாக் என்பது ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லியான பிளாஸ்டிக் படகு. அதில் போய்க் கடலில் தூண்டில் போடும் ஆசை இப்போது இங்கே நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. படகை வாடகைக்கு விடுவதும், புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும்தான் எங்கள் கொட்டகையின் தொழில்.

முதலாளி மாலினி. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். நான் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் சாரம் கட்டினேன், கடைசி ஆறு வருடம் சேஃப்டி சூப்பர்வைசர். எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பு ஏறவில்லை.

"மேடம், எங்கேருந்து கூட்டிப் பெருக்க ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டேன்.

"மேடம்லாம் வேணாம், மாலினி போதும். லைஃப் ஜாக்கெட் போட்டு இதுல ஏறி உக்காருங்க. ம்... இப்ப விழுங்க."

"எதுக்கும்மா?"

"எப்பயாச்சும் ஒரு நாள் விழத்தான் போறீங்க லா. அத இடுப்பளவு தண்ணில இன்னைக்கே விழுந்து பாத்துடுங்க," என்றாள், இந்த ஊர்ப் பேச்சின் "லா"வோடு.

விழுந்தேன். இஸ்திரிச் சட்டை போன இடம் தெரியவில்லை. விழுவது சுலபம், ஏறுவதுதான் பாடு. "மொதல்ல வயிறு, அப்புறம் பின்பக்கம், கடைசியில கால்," என்று சொல்லிக்கொடுத்தாள். படகின் குறுக்கே வயிற்றைப் போட்டுப் படுத்து, புரண்டு உட்கார்ந்து, பிறகு காலை இழுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது தடவை ஏறிவிட்டேன். நிழலில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் கை தட்டினார்கள். ஐம்பத்தாறு வயதில் எனக்குக் கைதட்டல் கிடைத்தது அன்றைக்குத்தான்.

2. மீனும் கொக்கியும்

அடுத்த மாதமே ஒரு பாறை மீன் பிடித்தேன். ஒரு முழம் கூட இருக்காது. ஆனால் உட்கார்ந்திருக்கும் படகையே அது திருப்பியது பாருங்கள், அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? தண்ணீருக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒருவர் நம் கையைப் பிடித்து "வா" என்று கூப்பிடுவது போல இருந்தது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஐஸ் பெட்டியை மூன்று தடவை திறந்து பார்த்தேன். நான்காவது தடவை பக்கத்து சீட்டு அம்மாவும் எட்டிப் பார்த்தார்.

மாலினி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். மீன் பிடிக்க அனுமதி உள்ள இடம் எது, கப்பல் போகும் வழி எது என்று தெரியாமல் இறங்கக் கூடாது. கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்ற அட்டவணையைப் பார்த்து, தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரத்தைக் கணக்குப் பண்ணிப் போய், அது முடியுமுன் திரும்ப வேண்டும். தனியாகப் போகக் கூடாது. விசிலும் சின்னக் கத்தியும் நெஞ்சிலேயே இருக்க வேண்டும்.

"துடுப்பு, தூண்டில், பெட்டி எல்லாத்தையும் படகோட கட்டுங்க அங்கிள். கட்டலைனா கவிழ்ந்ததும் எல்லாம் போயிரும். இன்னொண்ணு, கவிழ்ந்தா படக விட்டுட்டு நீந்தாதீங்க. படகு தூரத்துலேருந்தே தெரியும். உங்க தலை மிதக்கிற தேங்கா மாதிரிதான் இருக்கும்."

எல்லாவற்றையும் கட்டு, படகை விடாதே. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது என் பட்டறை மூளைக்கு ஒரு பதில்தான் கிடைத்தது: ஆளையும் கட்டு.

சாரத்தில் விழாமலிருக்க இடுப்பு பெல்ட்டின் கொக்கியைக் கம்பியில் மாட்டிக்கொள்வோம். அங்கே நாங்கள் ஒருவரையொருவர் "சாப்பிட்டியா" என்று கேட்பதற்கு முன் "கொக்கி மாட்டினியா" என்றுதான் கேட்போம். மாட்டாதவனை நான் கீழே இறக்கி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் கடலில் கொக்கி இல்லாமல் எப்படி உட்காருவேன்? ஜாலான் புசாரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய், திருகிப் பூட்டும் கொக்கியும் அகலமான நைலான் பட்டையும் இரண்டு ஜோடி வாங்கினேன். "இது தானாத் திறக்கவே திறக்காதுங்க," என்றார் கடைக்காரர். அதற்காகவே வாங்கினேன்.

பட்டையின் ஒரு முனை என் இடுப்பு பெல்ட்டில், கொக்கி படகின் பக்கவாட்டுக் கைப்பிடியில். மாலினியிடம் சொல்லவில்லை. மறைக்க நினைத்ததில்லை. செருப்பு போடுவதை யாரிடமாவது சொல்வோமா, அது போலத்தான். லைஃப் ஜாக்கெட்டுக்கு அடியில் அது அவள் கண்ணிலும் படவில்லை.

3. செல்வம் வந்தான்

செல்வம் என்னோடு சாரம் கட்டியவன். புதுக்கோட்டைப் பக்கம். இன்னும் பட்டறையில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவில் சந்தித்து டீ குடிப்போம். நான் கடல் கதையாக அளக்க அளக்க அவனுக்கும் ஆசை பற்றிக்கொண்டது. இரண்டு வாரத்தில் லீவில் ஊருக்குப் போகிற நேரம்.

"ஒரே ஒரு மீனு, பாய். நான் தூக்க முடியாம தூக்கணும். அத போட்டோ எடுத்து என் வீட்டுக்காரிக்கு அனுப்பணும். சிங்கப்பூர்ல இரும்பு மட்டும்தான் தூக்குறேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

சனிக்கிழமை அவனை வரவழைத்து இடுப்பளவு தண்ணீரில் விழ வைத்தேன். கண்மாயில் நீந்தி வளர்ந்தவன், இரண்டாவது தடவையே ஏறிவிட்டான். "இதுக்கா பாய் அஞ்சு தடவை விழுந்தீங்க?" என்று சிரித்தான்.

அப்போது அவன் இடுப்பில் கொக்கி இல்லை. "பிராக்டிஸ்தானே, உப்புத் தண்ணியில துரு பிடிக்கும், கழட்டி வை," என்று சொன்னவன் நான். இதைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் ஞாயிறு. கொட்டகை ஓரத்தில் விடியற்காலைச் சுபுஹு தொழுதேன். செல்வம் நெற்றி நிறையத் திருநீறோடு வந்து, நான் முடிக்கும்வரை எங்கள் இருவர் துடுப்பையும் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றான். வீட்டுக்குப் போன் போட்டு, பத்தரைக்குள் நான் கூப்பிடாவிட்டால் மாலினிக்குச் சொல்லச் சொன்னேன்.

"மீன் வரலைன்னா பரவாயில்ல, நீங்க வாங்க," என்றாள் என் மனைவி ஜமீலா.

பிறகு செல்வத்தின் கொக்கியை என் கையாலேயே மாட்டினேன். பட்டறைப் பழக்கத்தில் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது.

4. திருக்கை

விடிந்த கடல் எண்ணெய் பூசியது போல வழவழவென்று கிடந்தது. ஒரு பழைய மிதவையைத் தாண்டி நங்கூரம் போட்டோம். கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்காத தூரம்.

நங்கூரக் கயிற்றைப் படகின் மூக்கிலோ வாலிலோ நிறுத்த வேண்டும் என்பது கொட்டகைச் சட்டம். அதற்காகவே படகோரமாக முன்னும் பின்னும் ஓடும் ஒரு கப்பிக் கயிறு இருக்கிறது. செல்வம் அது சிக்குகிறது என்று தன் பக்கத்துக் கைப்பிடியிலேயே கட்டினான். பார்த்தேன். தண்ணீர்தான் அசையவில்லையே என்று விட்டுவிட்டேன்.

ஒன்பது மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் மீன் கடித்துக்கொண்டே இருந்தது. ஆளுக்கு இரண்டு பாறை மீன் எடுத்தோம். "இன்னும் பத்து நிமிஷம், பாய்." "சரி, பத்து நிமிஷம்." இப்படி அரை மணி ஓடியது. மிதவையைச் சுற்றித் தண்ணீர் சுழித்து ஓட ஆரம்பித்திருந்தது. அதுவும் என் கண்ணில் பட்டதுதான்.

அப்போது செல்வத்தின் தூண்டில் வில்லாக வளைந்தது.

"பாய், கல்லுல மாட்டிக்கிச்சு."

"கல்லு நகருமா? நூலப் பாரு, நகருது."

"ஆமா பாய். நகருது. அய்யோ, நகருது பாய்."

திருக்கை. இங்கே சம்பால் மிளகாய் விழுது தடவி வாழை இலையில் சுடுகிற அதே மீன்தான், ஆனால் இது சாப்பாட்டு மேசை அளவு. ஒரு நிமிடம் தண்ணீர் மட்டத்துக்கு வந்து, பாய் விரித்தது போலப் புரண்டு, மறுபடி கீழே போனது. இரண்டு பேரும் சிரித்தோம். "வால்ல முள்ளு இருக்கு, படகுல ஏத்தாத, அசதியாகட்டும்," என்று கத்திக்கொண்டிருந்தேன்.

மீன் நங்கூரம் கட்டிய பக்கமாக இழுத்தது. ஓடும் தண்ணீரும் அந்தப் பக்கத்தையே அமுக்கியது. தூரத்தில் போன இழுவைப் படகு ஒன்றின் அலை மெதுவாக வந்து தொட்டது. அவ்வளவுதான். படகு அவன் மேல் கவிழ்ந்தது.

தலை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. படகின் அடிப்பாகத்தை உள்ளேயிருந்து ஒரு கை தட்டும் சத்தம் வந்தது. டப், டப், டப்.

லைஃப் ஜாக்கெட் அவனை மேலே தள்ளுகிறது, மேலே படகு மூடியிருக்கிறது. விலகி வெளியே வரலாம் என்றால் நான் மாட்டிய பட்டை விடவில்லை. படகு நகரலாம் என்றால் நங்கூரம் விடவில்லை. நெஞ்சில் இருந்த கத்தி நினைவுக்கே வரவில்லை என்று பிறகு சொன்னான். யா அல்லாஹ் என்ற ஒரு சொல்லோடு என் நங்கூரக் கயிற்றைக் கழற்றிவிட்டு, துடுப்பை அடித்து அருகே போய்க் கையை நீட்டினேன். ஒரு சாண் எட்டவில்லை. என்னை இழுத்துப் பிடித்தது என் கொக்கி.

நனைந்த விரலால் அந்தத் திருகைத் திறக்க எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. தட்டும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது மட்டும் தெரியும். திறந்ததும் தண்ணீரில் குதித்தேன். நெஞ்சிலிருந்த கத்தியை உருவி, முதலில் அவன் நங்கூரக் கயிற்றை அறுத்தேன். படகு விடுபட்டுச் சுழன்றது. அந்த இடைவெளியில் செல்வத்தின் மூக்கும் வாயும் வெளியே வந்தன. அவன் இழுத்த அந்த ஒரு மூச்சின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவன் கொக்கி இறுகியிருந்தது, திருகவே முடியவில்லை. பட்டையை அறுத்தேன். எளிதில் அறுபடக் கூடாது என்று தேடி வாங்கிய பட்டை. ரம்பம் போல இழுத்து இழுத்துத்தான் அறுந்தது.

படகை நிமிர்த்தினோம். "வயிறு, செல்வம், வயிறு," என்றேன். ஒரே தடவையில் ஏறினான். கூடவே மிதந்து வந்த என் படகில் நானும் ஏறினேன். அவன் இருமி, துப்பி, திருநீறு கரைந்த நெற்றியைத் துடைத்தான். பிறகு குனிந்து பார்த்தான். படகோடு கட்டியிருந்த தூண்டில் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"பாய், மீனு இன்னும் இருக்கு."

நான் கத்தியை நீட்டினேன்.

"ஒரே ஒரு போட்டோ, பாய்."

"செல்வம்."

என் முகத்தைப் பார்த்தான். கத்தியை வாங்கி அவனே நூலை அறுத்தான்.

5. இடுப்பளவு தண்ணீர்

தண்ணீரோடு மல்லுக்கட்டாமல் அதன் போக்கிலேயே சாய்வாகத் துடுப்புப் போட்டு, வெகு தூரம் தள்ளிக் கரை சேர்ந்தோம். கழுத்தில் தண்ணீர் புகாத பையில் கிடந்த போனை எடுத்து ஜமீலாவுக்கும் மாலினிக்கும் பேசினேன். மாலினி வேனோடு வந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, அறுந்த பட்டையைக் கொக்கியோடு அவள் கையில் கொடுத்தேன். வேலை போகும் என்றே நினைத்தேன்.

அவள் கொக்கியைத் திருகிப் பார்த்தாள். "சில இடத்துல ஆளக் கட்டுவாங்க அங்கிள், ஒரே இழுப்புல கழர்ற மாதிரி. நீங்க கழராததாப் பாத்து வாங்கியிருக்கீங்க. சாரத்துல விழுந்தா கீழ போவீங்க, கொக்கி உங்கள மேல வச்சிருக்கும். இங்க விழுந்தா ஜாக்கெட் உங்கள மேல கொண்டுவரும், கொக்கி விடாது."

கொக்கியை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"என் தப்பும் இருக்கு. எல்லாத்தையும் கட்டுங்கன்னு சொன்னேன், ஆளக் கட்டாதீங்கன்னு சொல்லல. நாளைக்கு உங்க கொக்கிய மாட்டிக்கிட்டு விழுங்க. இடுப்பளவு தண்ணி, நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

மறுநாள் அப்படியே விழுந்தேன். மூன்று விநாடிதான் விட்டாள். தலைக்கு மேல் மஞ்சள் பிளாஸ்டிக், காலுக்குக் கீழ் மணல். எழுந்து நிற்க முடியும் என்று தெரிந்தும் நிற்க முடியவில்லை. விரல் திருகைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. நான் செல்வத்துக்கு மாட்டியது என்ன என்று அங்கேதான் தெரிந்தது.

அன்று வீட்டில் இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதேன். "அல்லாஹ் காப்பாத்தினான்," என்று ஜமீலா அழுதாள். காப்பாற்றினான், சந்தேகமே இல்லை. ஆனால் காப்பாற்ற வேண்டிய நிலைமையை உண்டாக்கியது நான். அதையும் தொழுகையில் அவனிடம் சொன்னேன்.

செல்வம் ஊருக்குப் போவதற்கு முந்தின ஞாயிறு தேக்காவில் டீ குடித்தோம். "ரெண்டு கிலோ திருக்கை வாங்கி இங்கயே போட்டோ எடுத்துரலாமா, பாய்?" என்றான். பிறகு அவனே வேண்டாம் என்றான். மனைவிக்கு அவன் அனுப்பியது, கொட்டகை வாசலில் லைஃப் ஜாக்கெட் போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கும் போட்டோ. மீன் எங்கே என்று கேட்டாளாம்.

இப்போது புதியவர்களுக்கு முதல் வகுப்பு எடுப்பது நான். கடலுக்கு எதையெல்லாம் போட்டுக்கொண்டு போவார்களோ அத்தனையும் போட்டுக்கொண்டுதான் விழ வேண்டும். துரு பிடித்தால் பிடிக்கட்டும். எனக்கு அந்த வேலையில் இன்னும் முதல் நாள் சந்தோஷம்தான்.

கொட்டகைச் சுவரில் அந்தக் கொக்கி தொங்குகிறது. பட்டறைத் தம்பிகள் யாராவது வந்தால் அதை எடுத்துக் கையில் கொடுத்து, "இத எங்க மாட்டுவீங்க?" என்று கேட்பேன். யோசிக்கவே மாட்டார்கள், நேராக இடுப்புக்குக் கொண்டுபோவார்கள். அதைக் கையிலிருந்து வாங்கி மறுபடி சுவரில் மாட்டிவிட்டு, "வாங்க தம்பி, தண்ணில விழலாம்," என்று கூட்டிப்போவேன்.