பூட்டின் உரிமையாளர் தற்போது இருக்கும் இடம்

லிஃப்ட் பழுதாகி நின்றால் யாரும் வியப்பதில்லை. பழுதே இல்லாத லிஃப்ட் ஒன்று ஏழு மாடிக் கட்டடத்தில் ஒன்பது நாளாக நின்றதுதான் வியப்பு. காரணம், மொட்டைமாடி மெஷின் ரூமில் மெயின் சுவிட்சின் கைப்பிடியில் தொங்கிய ஒரு சின்னப் பித்தளைப் பூட்டு. பூட்டியவர் இறந்துபோயிருந்தார். அதை யாரும் திறந்துவிடக் கூடாது என்று பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தவர், அந்த லிஃப்டை ஓடவைப்பதற்காகவே சம்பளம் வாங்கும் மெக்கானிக்.

கம்பெனியில் அவரைக் கீழ்க்காரர் என்பார்கள். இறந்தவர் மேல்காரர். இருபத்துநாலு வருஷம் ஜோடியாக வேலை பார்த்தவர்கள். ஒருவர் மேலே மெஷின் ரூமில், இன்னொருவர் லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியில். குழிக்குள் இறங்குகிறவரின் தலைக்கு மேல் ஒரு யானைக் கனத்துக்கு இரும்பு தொங்கும். அதனால் மேலே இருப்பவர் மெயின் சுவிட்சை அணைத்து, தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பூட்டியாச்சு!" என்று கத்த வேண்டும். கீழே இருப்பவர் அதையே திருப்பிக் கத்திவிட்டுத்தான் இறங்குவார். பூட்டியவரைத் தவிர வேறு யாரும் அந்தப் பூட்டைத் தொடக் கூடாது. இதைத் தவிர வேறு வேதம் அந்த இருவருக்கும் கிடையாது.

கடவுளும் கிடையாது. புது லிஃப்டை ஓட்டிப் பார்க்கும் நாளில் மேற்பார்வையாளர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். "சார், நிறுத்தப்போறது அவரா, பிரேக்கா? சொல்லிட்டா அதுக்கு மட்டும் எண்ணெய் விட்டுக்கறோம்" என்பார் மேல்காரர். கீழ்க்காரர் குழிக்குள்ளிருந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஏழு மாடிக்கும் கேட்கும்.

கடைசியாகப் பூட்டிய அன்றைக்கு வேலை முடிந்து படியில் இறங்கி வந்த மேல்காரர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "ஒரு ரோப் எனக்குப் பிடிக்கலடா. காலைல வந்து இன்னொரு தடவை பாக்கறேன். நான் வந்து பாக்கற வரைக்கும் பூட்டு அப்படியே இருக்கட்டும். யாரையும் தொட விடாதே."

"சரிண்ணே."

"சரின்னா?"

"தொட விடமாட்டேன். போண்ணே, வீட்ல தேடுவாங்க."

விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் கதை முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து இரண்டு பொறியாளர்கள் வந்து பூட்டைத் தொடாமலே, லிஃப்டைத் தாங்கும் இரும்பு ரோப்களைத் தடவி, அளந்து, விளக்கடித்துப் பார்த்தார்கள். எல்லாம் புத்தம்புதுசு மாதிரி இருந்தன. கீழ்க்காரரும் பார்த்தார். அவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. இதுதான் அவரை உண்மையில் வதைத்தது. ஏதாவது ஓர் இழை அறுந்திருந்தால், வாக்குக்கு ஒரு பிரயோஜனம் இருந்திருக்கும்.

மேற்பார்வையாளர் ஏழு மாடி ஏறி வந்து, மூச்சு திரும்பும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏன்யா, நீதானே சாமியும் இல்ல, ஆவியும் இல்லன்னு வாய் கிழியப் பேசுவே? செத்தவன் மேலேர்ந்து பாத்துட்டா இருக்கான்? யாருக்குப் பயந்து உக்காந்திருக்கே?"

"யாரும் பாக்கல சார். அதான் கஷ்டம்."

"புரியற மாதிரி சொல்லு."

"நீங்க வாக்குத் தவறினா மன்னிக்க ஒருத்தர் இருக்கார். அழுது, கெஞ்சி, ஏதாவது செஞ்சு கழிச்சுக்கலாம். என்னை விடுவிக்கக் கூடியவர் ஒருத்தர்தான். அவர் இப்ப இல்ல. இல்லாதவர்கிட்ட எப்படி சார் அனுமதி கேக்கறது?"

மேற்பார்வையாளர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, யோசித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பூட்டு அகற்றும் படிவம். பூட்டியவர் வர முடியாவிட்டால் ஜோடிக்காரர் அதை நிரப்பிக் கையெழுத்திட்டுப் பூட்டைத் திறக்கலாம். எழுதுவது திறப்பது ஆகாது என்று கீழ்க்காரர் அதை வாங்கி நிரப்பினார். நான்காவது கேள்வியில் பேனா நின்றது. "பூட்டின் உரிமையாளர் தற்போது இருக்கும் இடம். அவர் குழியிலோ மெஷின் ரூமிலோ இல்லை என்பதை நேரில் கண்டு உறுதி செய்யவும்."

"மேலே இருக்கார்னு போடு."

"நம்ம கம்பெனில மேலேன்னா மெஷின் ரூம் சார்."

"அப்ப சொர்க்கம்னு போடு!"

"நேர்ல பாத்தேன்னு கையெழுத்துப் போடணுமே சார்."

கடைசியில் 'எங்கும் இல்லை' என்று எழுதினார். பொய் இல்லாத பதில். மறுநாள் தலைமை அலுவலகம் படிவத்தைத் திருப்பி அனுப்பியது. 'விலாசம் முழுமையாக இல்லை' என்று சிவப்பு மையில் குறிப்பு இருந்தது.

குடியிருப்போர் சங்கம் இதற்குள் கூடிப் பேசி ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. செயலாளர் ஏழாம் மாடிக்காரர். ஒரு வாரத்தில் ஒரு சுற்று இளைத்திருந்தார். மூன்றாம் மாடிக்காரரின் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்துக் கூட்டி வந்தார்.

"இவர் உங்க ஆள் அளவு உயரம். பத்து நிமிஷத்துக்கு இவர்தான் அவர். ஏகமனதாத் தீர்மானிச்சிருக்கோம். சொல்லுங்க சார்."

மூன்றாம் மாடிக்காரர் தொண்டையைச் செருமினார். "நான் வந்து பாத்துட்டேன். நீ திறக்கலாம்டா."

"எதைப் பாத்தீங்க?"

"ரோப்பை."

"எந்த ரோப்?"

"அதோ, கறுப்பா இருக்கே, அது."

"எல்லாமே கறுப்புதாங்க."

மூன்றாம் மாடிக்காரர் செயலாளரைப் பார்த்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே, இந்த வேஷம் எனக்கு ஒத்துவராதுன்னு. நமக்கு மூணே மாடிதானே, நடந்துக்கறேன்" என்று ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

செயலாளர் அன்றே கம்பெனிக்குத் தொலைபேசி செய்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வேறு இருவர் வந்து பூட்டை அறுப்பார்கள், கீழ்க்காரர் தடுத்தால் அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று உத்தரவு வந்தது. அவர் டப்பாவை இன்னும் ஓரடி முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணிக்குப் படியில் காலடி கேட்டது. அறுக்கிறவர்கள் சீக்கிரம் வந்துவிட்டார்கள் என்று நினைத்தார். வந்தது மேல்காரரின் மனைவி. கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, சாவி.

"அண்ணி, நீங்க எதுக்கு இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்க?"

"லிஃப்ட் ஓடலையாமே, தம்பி" என்றார். சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். "அவர் பூட்டை அறுக்கப் போறாங்களாம். உங்க கம்பெனி சார் எல்லாம் சொன்னார்."

"அறுத்தா அது அவங்க தப்பு அண்ணி. திறந்தா என் தப்பு."

"தொட விடமாட்டேன்னுதானே சொன்னீங்க? இன்னும் அரைமணில எவனோ ரம்பத்தோட தொடப்போறான். எப்படியும் வாக்கு போகப்போகுது. போறது உங்க கையால போகட்டுமே."

அவர் எழுந்து டப்பாவை அண்ணி பக்கம் நகர்த்தினார்.

"அன்னைக்குக் காலைல கிளம்பறப்ப, சாயந்தரம் ஆறு மணிக்கு வந்துடறேன்னார். நீங்க வராம சாப்பிட மாட்டேன்னு நான் சொன்னேன். அவர் வரல, நேரா ஆஸ்பத்திரிதான். அடுத்த நாள் துக்கத்துக்கு வந்தவங்க எல்லாரும் போனப்புறம் நான் சாப்பிட்டேன் தம்பி. நல்லாப் பசிச்சுது. ரெண்டாந்தரம் போட்டுக்கிட்டுச் சாப்பிட்டேன்."

"யார்கிட்ட அண்ணி... மன்னிப்பு கேட்டீங்க?"

"யார் இருக்கா கேக்கறதுக்கு? அவர் மாதிரிதானே நானும், சாமி இல்லாதவ? தட்டைக் கழுவி வச்சேன். அவர் தட்டையும் சேத்து."

கீழ்க்காரர் சாவியை வாங்கினார். வாங்கியவர் சும்மா திறக்கவில்லை. திறக்கும்முன் குழியில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். அது விதி. ரோப் இறங்கும் துளை பக்கம் குனிந்து, "திறக்கறேன்!" என்று கத்தினார். இருபத்துநாலு வருஷமாகக் கீழேயிருந்து தான் கேட்ட குரலைத் தானே போட்டது விசித்திரமாக இருந்தது. பதில் வரவில்லை. இன்னொரு தடவை கத்தினார். மூன்றாவது தடவையும் கத்திவிட்டு, துளையில் காதை வைத்துக் கேட்டார்.

"திறங்க தம்பி" என்றார் அண்ணி.

பூட்டு ஒரு சின்னச் சத்தத்தோடு திறந்தது. அவ்வளவுதான். படிவத்தை மடியில் வைத்து நான்காவது கேள்விக்குப் பதிலை அடித்துவிட்டு, 'வரவில்லை' என்று எழுதினார். தலைமை அலுவலகம் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. வருகைப் பதிவேட்டில் தினமும் யாருக்காவது எழுதுகிற சொல்தானே.

சுவிட்சைப் போட்டதும் லிஃப்ட் பெருமூச்சு விட்டுக் கிளம்பியது. ஏழாம் மாடியில் செயலாளர் கைதட்டினார். அண்ணி லிஃப்டில் இறங்கித் தரைத்தளத்தில் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து, கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிவழியாக இறங்கி வந்தார் கீழ்க்காரர்.

"அதான் ஓடுதே. ஏன் நடந்து வரீங்க?"

"ஊருக்குத் திறந்தாச்சு அண்ணி. எனக்கு இன்னும் பூட்டித்தான் இருக்கு."

"எதுவரைக்கும்?"

"அவர் வந்து பாக்கற வரைக்கும்."

அண்ணி அவரை மேலும் கீழும் பார்த்தார். "மாசத்துக்கு ரெண்டு தடவை இந்தக் கட்டடத்துக்கு வரணும் இல்ல?"

"ஆமா."

"முட்டிக்குத் தைலம் வாங்கி வச்சுக்கங்க" என்று சொல்லி, பூட்டையும் சாவியையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.