பாய் நிற்கும் கடைகள்

ஸ்கேன் அறையிலேயே காலம் தள்ளுகிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. நோயாளி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், படம் சொல்வதுதான் முடிவு என்று நினைப்போம். எனக்கு அது கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. பெரம்பலூரில் ரேடியாலஜிஸ்டாக வேலை பார்த்துக்கொண்டே, கால்களுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அடைபடுவதைப் பற்றி ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தேன். சின்ன ஸ்கேன் கருவியோடு ஊர் ஊராகப் போய், நாற்பது வயது தாண்டியவர்களைப் படுக்கவைத்து, தொடையிலிருந்து கணுக்கால்வரை ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பேன். கூடவே ஒரு கேள்வித்தாள். அதை நானே எழுதினேன். நல்ல தமிழில் எழுதிவிட்டோம் என்ற பெருமை வேறு.

வாலிகண்டபுரம், வேப்பந்தட்டை, லப்பைக்குடிக்காடு என்று முகாம்கள் முடிந்தன. படங்களில் அடைப்பு நிறையவே தெரிந்தது. ஆனால் ‘நடக்கும்போது காலில் வலி ஏற்படுகிறதா?’ என்ற கேள்விக்கு நேராக, எந்தத் தாளைப் புரட்டினாலும் ‘இல்லை’தான்.

ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த திருச்சிப் பேராசிரியர் போனில் கூப்பிட்டார். இத்தனை அடைப்பு இருந்தால் பலருக்கு வலி இருந்தே தீரவேண்டும், ஒன்று கருவி தப்பு, இல்லையென்றால் உங்கள் கை தப்பு, சரியான காரணம் தெரியாமல் ஒரு படத்தையும் சேர்க்க மாட்டேன் என்றார். இரண்டு வருட உழைப்பு அது. அதுகூடப் பரவாயில்லை, கை தப்பு என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால்தான் வேலையே ஓடும்.

இருப்பதிலேயே மோசமான படத்தைத் தேடி எடுத்தேன். லப்பைக்குடிக்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவருடையது. பல வருடம் துபாயில் இருந்துவிட்டு, சிகரெட்டையும் கூடவே கொண்டுவந்தவர். இடது தொடையில் பெரிய குழாய் அடைத்துப்போய், பக்கத்துச் சின்னக் குழாய்கள் வழியாகத்தான் ரத்தம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் தாளிலும் ‘இல்லை’. மறுநாளே அவர் கடைக்குப் போய், உங்களோடு கொஞ்ச தூரம் நடக்கலாமா என்று கேட்டேன். பள்ளிவாசலுக்குத்தான் கிளம்புகிறேன், வாருங்கள் என்றார்.

பத்துக் கடை தாண்டவில்லை, மளிகைக்கடை முன்னால் நின்றுவிட்டார். கடைக்காரரிடம், பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்ததா என்று விசாரித்தார். அடுத்து செல்போன் கடை. அங்கே கடைக்காரரின் மாமியாருக்குச் சுகமா என்று கேட்டார். பிறகு சலூன். இந்த மனுஷருடைய பாசத்துக்கு ஓர் அளவே இல்லையா என்று எனக்குள் பொருமிக்கொண்டு நின்றேன். ஊரில் கேட்டால் பாயைப் போலத் தங்கமான ஆள் கிடையாது என்பார்கள்.

நான்காவதாக நின்றது பூட்டிய கடை. ஷட்டரில் ஒட்டியிருந்த கிழிந்த நோட்டீஸை உற்றுப் படித்தார். கண்ணாடியோ சட்டைப் பையில் இருந்தது. அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். பாரத்தையெல்லாம் வலது காலில் போட்டுக்கொண்டு, இடது காலைத் தளர்த்தி வைத்திருந்தார்.

“பாய், கால் வலிக்குதா?”

“வலியெல்லாம் இல்லம்மா. கெண்டைக்காலப் புடிச்சுக்கும், அவ்வளவுதான். வலின்னா ஆளப் படுக்கவைக்கணும். இது கொஞ்சம் நின்னா போயிடுது.”

நடந்தால் வரும், நின்றால் போகும். இந்த நோய்க்கு எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் அடையாளமே அதுதான். அதைத்தான் எல்லோரும் ‘வலி இல்லை’ என்று சொல்லியிருக்கிறார்கள். தப்பு கையில் இல்லை, என் நல்ல தமிழில். நடுத்தெருவில் வாய்விட்டுச் சிரித்தேன். நம்ம காலில் அப்படி என்னம்மா வேடிக்கை என்று கேட்டு, பாயும் சிரித்தார்.

அரியலூர் முகாமுக்குக் கேள்வியை மாற்றினேன். ‘நடந்து போறப்ப எங்கெங்க நிப்பீங்க?’ அவ்வளவுதான், பதில்கள் கொட்டின. பால் சொசைட்டி, அடிபம்பு, பஸ் ஸ்டாப், மருமகள் வீட்டு வாசல். ஓர் அம்மா தான் நிற்கும் இடங்களை விரல்விட்டு எண்ணி, இரண்டு கை பற்றாமல் சிரித்துவிட்டார். பழைய ஊர்களுக்கும் திரும்பப் போய்க் கேட்டேன்.

பேராசிரியர் அதற்கும் மசியவில்லை. எங்கே நிற்பீர்கள் என்று கேட்டால் யாரும் நாலு இடம் சொல்லத்தான் செய்வார்கள் என்றார். பாய்க்குச் சிகிச்சை கொடுங்கள், நிற்பது குறைந்தால் நம்புகிறேன் என்றார். ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் பாயைப் பார்த்து, இப்போதைக்குக் கத்தி வேண்டாம் என்றிருந்தார். மாத்திரை, சிகரெட்டுக்கு முழுக்கு, தினமும் நடை. பிடிக்கும்வரை நடந்து, நின்று, விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். பாய் மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் நடந்தார்.

பேராசிரியரே திருச்சியிலிருந்து வந்தார். மூவரும் துணிக்கடையிலிருந்து கிளம்பினோம். மளிகைக்கடையைப் பாய் நிற்காமல் கடந்தார். என்ன பாய், பார்க்காத மாதிரி போறீங்க என்று கடைக்காரர் குறைப்பட்டுக்கொண்டார். பாய் கையை மட்டும் ஆட்டினார். செல்போன் கடை போயிற்று, சலூன் போயிற்று, பூட்டிய கடையும் போயிற்று. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பள்ளிவாசல் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், ஒரு டீக்கடை முன்னால் பாய் சட்டென்று நின்றார்.

என் உயிரே போய்விட்டது. பேராசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“புடிச்சுக்கிச்சா பாய்?” என்றேன்.

“கால் ஒண்ணும் பண்ணலம்மா. சார் அம்புட்டு தூரத்துலேந்து வந்திருக்காரு, ஒரு டீ வாங்கிக் குடுக்க வேணாமா?”

மூன்று டீ வந்தது. பேராசிரியர் ஒரு வாய் குடித்துவிட்டு, பாயின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கால்களிலும் சமமாக ஊன்றி, பாய் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“எல்லாப் படத்தையும் சேத்துக்கலாம்மா. உங்க கையில ஒரு தப்பும் இல்ல” என்றார் பேராசிரியர்.

அந்தக் கையில்தான் என் டம்ளர் இருந்தது. அவரைக் கும்பிடப் போன வேகத்தில் பாதி டீ என் புடவையில் கொட்டியது.