வலிக்காத நெஞ்சு

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாயைக் கட்டு என்றால் கட்டுகிற ஆளா அவர்? அந்த ஆடி மாதம் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கூழ்ப் பானைக்கு முன்னால் விழுந்து கும்பிட்ட இவர், எழுந்து நின்றதும் தள்ளாடினார். கண் மேலே செருகியது. அவ்வளவுதான், பம்பை மேளம் அடித்தவர்கள் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள்.

"தாயி வந்துட்டாடா!" என்று பூசாரி கத்தினார். குடம் குடமாக மஞ்சள் தண்ணீரை என் வீட்டுக்காரர் தலையில் கொட்டி, கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். "இன்னா கொறை தாயே? சொல்லு தாயே!" என்று பூசாரி விடாமல் கேட்கிறார். மனுஷனுக்கு நிற்கவே முடியவில்லை, இதில் குறி எங்கே சொல்வது? அப்படியே கீழே சாய்ந்தார். படுத்த கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது.

அதற்கப்புறம் தெருவில் அவருக்கு வந்த மரியாதை இருக்கிறதே, அடேயப்பா! கூட வேலை செய்கிறவர்கள்கூடத் தோளில் கை போடுவதை விட்டுவிட்டார்கள். அவருக்கும் அது பிடித்துப்போயிற்று. எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. சாமி கோயிலில் மட்டுமா வந்தது? கட்டிலைவிட்டு எழுந்தால் வந்தது, சாப்பிட்டு எழுந்தாலும் வந்தது.

"எந்த ஊரு சாமிய்யா பாத்ரூம் வாசல்ல வந்து ஆடும்? கெளம்பு, டாக்டராண்ட போலாம்" என்றேன்.

"அம்மாவைப் பத்தி அப்பிடிப் பேசாதடி, கண்ணைக் குத்திடும்."

"குத்தட்டும். நீ வா."

டாக்டர் அவரைப் படுக்க வைத்து பிரஷர் பார்த்தார். உடனே நிற்க வைத்து மறுபடி பார்த்தார். நின்றதும் அது மளமளவென்று இறங்கியிருந்தது. மூச்சை நன்றாக இழுத்து விடச் சொல்லி, நாடியைப் பிடித்தபடி இருந்தார்.

"மூச்சுக்கு ஏத்த மாதிரி நாடி கொஞ்சம் கூடிக் குறையணும்மா. இவருக்கு ஒரே மாதிரி ஓடுது. இத்தனை வருஷச் சர்க்கரை, இதயத்தைப் பாத்துக்கிற நரம்புகளையே கெடுத்திருக்கு. எழுந்து நின்னா பிரஷர் இறங்காம பாத்துக்கிறதும் அந்த மாதிரி நரம்புங்கதான். அது கெட்டதாலதான் எழுந்ததும் தள்ளாடுறாரு" என்றவர், என் பக்கம் திரும்பினார். "இன்னொண்ணு. வலியைச் சொல்ற நரம்பும் கெட்டிருக்கலாம், அதனால இவருக்கு ஹார்ட் அட்டாக் வந்தாலும் நெஞ்சு வலிக்காமப் போகலாம். வலி வரட்டும்னு காத்திருக்காதீங்க. காரணமில்லாம வேர்த்தாலோ மூச்சு வாங்கினாலோ கூட்டிட்டு வந்துடுங்க."

அன்றிலிருந்து அவர் வேர்வையைப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. மெட்ராஸ் வெயிலில் யாருக்குத்தான் வேர்க்காது! "இன்னாடி, போலீஸ்காரி மாதிரி பாத்துகினே கீற?" என்று எரிந்து விழுவார். விழட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஒரு மார்கழிக் காலை, குளிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"இன்னாய்யா பண்ணுது?"

"ஒண்ணியும் இல்ல. கொஞ்சம் அசதியா கீது."

கொதித்துக்கொண்டிருந்த பாலை அப்படியே விட்டு, அடுப்பை அணைத்து, ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன். வீண் செலவு என்று வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டேதான் வந்தார்.

ஈசிஜி எடுத்த டாக்டர் அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அட்டாக்தாம்மா. நல்லவேளை, சீக்கிரமா வந்துட்டீங்க. ஆனா இது முதல் தடவை இல்ல. முன்னாடியே ஒண்ணு வந்துட்டுப் போயிருக்கு."

எப்போது வந்தது? ஷிப்டு முடிந்து வந்து, சோறு வேண்டாமென்று படுத்துக்கொண்டாரே, அன்றைக்கா? ஆவடிக் கல்யாணத்தில் பந்திக்கு உட்காராமலே வீட்டுக்குப் போகலாம் என்றாரே, அன்றைக்கா? பக்கத்திலேயே படுத்திருந்த எனக்கும் தெரியவில்லை, அந்த நெஞ்சை வைத்திருந்த அவருக்கும் தெரியவில்லை. கட்டிலோரம் நின்று தேம்பித் தேம்பி அழுதேன்.

"இன்னாத்துக்குடி அழுவுற? எனக்குத்தான் வலிக்கவே இல்லயே" என்றார்.

"அதுக்குத்தான்யா அழுவுறேன்" என்றேன்.