பார்க்க வருபவர்களுக்காகப் படுத்த கதை

திருப்பதி ஆஸ்பத்திரியில் என் வலது நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஸ்ரீசிட்டி கம்பெனியில் ஷிப்டு முழுக்க நின்றே வேலை பார்த்தவள், அரை டம்ளர் கஞ்சி குடிப்பதற்குள் களைத்துப்போனேன்.

காலையில் நன்றாக இருப்பேன். சாயங்காலம் பார்வையாளர்கள் போனதும் ஆக்சிஜன் அளவு இறங்கிவிடும். “நாளன்னிக்கு எக்ஸ்ரேல நுரையீரல் விரியலன்னா, இன்னொரு குழாய் போடணும்” என்றார் டாக்டர். விலாவில் முதல் குழாய் செருகிய வலியே இன்னும் அடங்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பிசியோதெரபிப் பெண் வார்டிலேயே நின்று என்னைக் கவனித்தாள். எங்கள் ஊரான குப்பத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். வாசலில் தலை தெரிந்ததுமே என் வீட்டுக்காரர் கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கினார். நான் மல்லாந்து படுத்துக்கொண்டேன். பார்க்க வருபவர்கள் முன்னால் நோயாளி படுத்திருப்பதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. உட்கார்ந்திருந்தால், ‘நல்லாத்தானே கீறா’ என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள். அவர்கள் போனதும் எழுந்து உட்கார்ந்தேன்.

பிசியோ பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏம்மா, படுத்தா வயிறு மேல ஏறி நெஞ்ச அமுக்குது. மூச்சு இழுக்கவே ரெண்டு பங்கு வேல. அதுல எழுந்திருக்கறதும் படுக்கறதும் வேற! இருக்கிற தெம்பெல்லாம் வர்றவங்களுக்கே போவுது. உனக்கு இன்னா மிச்சம்?”

எனக்குச் சுருக்கென்றது. கூடவே என்மேலேயே எரிச்சலும் வந்தது. அடுத்து வந்தது என் மாமியார். வீட்டுக்காரர் கை கட்டிலின் கைப்பிடிக்குப் போனது. “தொடாத!” என்றேன்.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னாம்மா, ஆப்ரேசன் ஆனவ மாரியே இல்ல. ஜம்முனு குந்திக்கினு கீற?”

“படுத்தா மூச்சு முட்டுது அத்த. குந்தினாதான் பொழைப்பேன். நீங்களும் குந்துங்க.”

அவர் முகம் சுண்டிப்போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாளும் தலையணைகளை முட்டுக்கொடுத்து, தூங்கும்போதுகூடச் சாய்ந்தே இருந்தேன்.

எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருந்தது. டாக்டர் ஆக்சிஜனை நிறுத்திவிட்டு, பழைய குழாயையும் எடுத்துவிட்டார். எனக்குக் கத்த வேண்டும்போல் சந்தோஷம்.

அன்று சாயங்காலம் மாமியார் மறுபடி வந்தார். கிளம்பும்போது லிஃப்ட் வரை நானே நடந்துபோய் வழியனுப்பினேன். மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தது அவர்தான்.