எழுந்து நிற்காதவன்

என் நாவல் வரப்போகும் ஒரு கெட்ட காலத்தில் நடக்கிறது. அதில் அதிகாரி உத்தரவை வாசித்ததும், சம்மதிப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். ஒருவன் மட்டும் உட்கார்ந்தே இருப்பான். அந்த வழக்கத்தை நான் கற்பனை செய்யவில்லை. திருவனந்தபுரத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையில், ஆராதனை முடிந்ததும் கமிட்டி முடிவுகளை அப்படித்தான் நிறைவேற்றுவார்கள். யாரும் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை.

கையெழுத்துப் பிரதியை முதலில் படித்தவள் அக்கா. "இவன் கொள்ளாம்டா, நல்ல முதுகெலும்பு உள்ளவன்" என்றாள்.

அடுத்த மாதம், தம்பானூரில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் சபைக்காரர் ஒருவர் இறந்துபோனார். அவர் பல வருடங்களாகக் கோயிலுக்கு வராததால் நம் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று செயலாளர் மைக்கில் வாசித்தார். சம்மதிப்பவர்கள் எழுந்து நிற்கவும் என்றார். பெஞ்சுகள் கிறீச்சிட்டன.

பெண்கள் பக்கத்தில் அக்கா மட்டும் எழும்பவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அதற்குள் நின்றுவிட்டிருந்தேன். உட்கார்ந்திருந்தால் யார் என்னை என்ன செய்திருப்பார்கள்? ஒன்றுமில்லை. ஆனாலும் நின்றேன். சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

பஸ்ஸில் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த ஆளோட பொண்டாட்டி வாசல்ல நின்னா. கண்டியா?"

"கண்டேன்."

நாவல் வெளிவந்தது. ஆரியசாலையில் ஒரு சின்ன ஹாலில் விழா. அவன் உட்கார்ந்தே இருக்கும் அத்தியாயத்தை வாசிக்கச் சொன்னார்கள். வெட்கமில்லாமல், குரல் கொஞ்சமும் நடுங்காமல் வாசித்தேன். முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

முன்வரிசையில் அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.